கஷாயத்தின் நிறம்

சனிக்கிழமை பிற்பகல் மூன்று மணி நாற்பது. மகள் கொல்லைப் பக்கம் ஓடிப்போய் வாந்தி எடுத்தாள். கறுப்பாக, பொடிப்பொடியாக இருந்தது. நான் எட்டிப் பார்த்துவிட்டு, "கஷாயந்தான் கண்ணு. வெளிய வந்தது நல்லதுதான்" என்றேன்.

அரை மணி நேரத்துக்கு முன் மிளகும் கருப்பட்டியும் போட்டு நான்தான் காய்ச்சிக் கொடுத்திருந்தேன். எங்கள் மலையில் வயிற்றுவலி என்றால் கை முதலில் மிளகுக்குத்தான் போகும். மூட்டையாக வீட்டிலேயே கிடக்கும்போது வேறெதைத் தேடுவது? காலையிலிருந்து மேல்வயிறு எரிகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தாள். பதினோராம் வகுப்பு, திங்கட்கிழமை விலங்கியல் தேர்வு. சரியாகச் சாப்பிடாமல் படிப்பதால் வந்த வாயு என்று நானே முடிவு செய்துகொண்டேன். இரண்டாவது டம்ளரும் ஊற்றிக் கொடுத்தேன்.

நாலேகாலுக்கு மறுபடியும் வாந்தி. இந்த முறை நிறைய. சுவரைப் பிடித்தபடி அவளே குனிந்து பார்த்தாள்.

"ம்மா, இது கஷாயம் இல்ல. ரத்தம்."

"ரத்தம்னா சிவப்பா இருக்கோணுமே சாமி."

"ஆசிட் பட்டா கறுத்துரும்மா. எங்க மிஸ் சொல்லியிருக்காங்க. நீ பிளஸ் டூ படிச்சப்ப வயித்துல ஆசிட் இல்லியா?"

அந்த நிலையிலும் என்னைக் கேலி செய்தாள். அவள் உதடு வெளுத்திருந்ததை அப்போதுதான் பார்த்தேன்.

ஆம்புலன்ஸ் கீழிருந்து ஏறி வர ஒரு மணி நேரம் ஆகும் என்றார்கள். பக்கத்து வீட்டுத் தம்பி பலாப்பழம் ஏற்றுகிற ஜீப்பை எடுத்தார். பின் இருக்கையில் அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டேன்.

"அக்கா, புள்ளயத் தூங்க உடாதீங்க. பேசிக்கிட்டே வாங்க" என்றார். "அடிவாரத்துக்கு எழுவது வளைவுதான். நீங்க ரோட்டப் பாக்காதீங்க."

என்ன பேசுவது? இரண்டு நாளாக நான் கேள்வி கேட்க, அவள் பதில் சொல்லிக்கொண்டிருந்த பாடம்தான் வாயில் வந்தது.

"இரைப்பையில எத்தன பகுதி கண்ணு?"

"கார்டியா... ஃபண்டஸ்... உடல்பகுதி... பைலோரஸ்."

"உள்பக்கம் எப்படி இருக்கும்?"

"மடிப்பு மடிப்பா. சாப்பிட்டா விரியும்."

ஜீப் ஒரு வளைவில் திரும்பியது. ஏறி வந்த பஸ்ஸுக்கு வழிவிட்டுத் தம்பி ஓரம் கட்டி நின்றார். பஸ் கடந்து போவதற்குள் எனக்கு உயிர் போய் வந்தது.

"ஆசிட்ட எந்த செல் சுரக்கும்?"

"பரைட்டல் செல். ரத்தத்துக்கு வேணுங்கிற பி-பன்னெண்டு சத்த உறிஞ்சறதுக்கும் அதுதான் ஒண்ணு சுரக்கும்."

"சீஃப் செல்?"

"பெப்சினோஜன். ஆசிட் பட்டதும் அது பெப்சினா மாறும். புரதத்த அரிக்கும்." குரல் இறங்கிக்கொண்டே வந்தது. "நம்ம வயிறும் புரதந்தாம்மா."

அடுத்த கேள்வியைப் புத்தகத்திலிருந்து நான் எடுக்கவில்லை. பயத்தில் தானாக வந்தது.

"அப்புறம் ஏன் கண்ணு வயிறு தன்னையே அரிச்சுக்கறதில்ல?"

அவள் தலை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. கன்னத்தைத் தட்டினேன். கண் பாதி திறந்திருந்தது. பார்வை என் மீது இல்லை. "தம்பி, வேகமா போங்க" என்று கத்தினேன். இன்னும் எத்தனை வளைவு என்று கேட்கத் தைரியம் வரவில்லை.

ஆஸ்பத்திரியில் ஸ்ட்ரெச்சரில் ஏற்றும்போதே மருத்துவர் கேட்டார்: "வாந்தி காபித்தூள் சக்கை மாதிரி இருந்துச்சுங்களா?" காபிச் செடி வைத்திருக்கும் வீடு எங்களுடையது. தினமும் வடிகட்டியில் பார்க்கிற சக்கையை என் கண் அடையாளம் காணவில்லை. தலையை மட்டும் ஆட்டினேன்.

"வலி மாத்திரை ஏதாச்சும் சாப்பிட்டாளா?"

மிளகு பறிக்க ஏணி ஏறி இறங்கியதில் வந்த முதுகுவலிக்காக நான் வாங்கி வைத்திருந்த மாத்திரை நினைவுக்கு வந்தது. படித்துப் படித்துத் தலை வலிக்கிறது என்று அவள் சொன்னபோதெல்லாம் அதில் ஒன்றைக் கொடுத்தேன். பத்து நாளாக, காலையில், வெறும் வயிற்றில்.

"நான்தாங்க குடுத்தேன்" என்றேன். மிளகுக் கஷாயம் கொடுத்ததையும், வாந்தியைக் கஷாயம் என்று நினைத்ததையும் சொன்னேன்.

அவர் உள்ளே போனார். ரத்தம் ஏற்றினார்கள். குழாய்க் கேமராவை வாய்வழியே இறக்கப்போகிறோம் என்று கையெழுத்து வாங்கினார்கள். நானும் தம்பியும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். என் சேலையில் அந்தக் கறுப்பு காய்ந்து ஒட்டியிருந்தது. கதவு திறக்கும்போதெல்லாம் எழுந்தேன். ஒருமுறை நர்ஸ், ஒருமுறை துப்புரவு செய்பவர், ஒருமுறை யாருமில்லை.

ஏழு மணிக்கு மருத்துவர் வந்தார். முகக்கவசத்தைக் கழுத்துக்கு இறக்கிவிட்டுக்கொண்டார்.

"பைலோரஸ் பக்கத்துல ஒரு புண்ணுங்க. ரத்தக்குழாய் திறந்திருந்துச்சு, கிளிப் போட்டு நிறுத்தியாச்சு. இன்னும் ரெண்டு நாள் பாக்கோணும். மிளகால வந்ததில்லீங்க, மாத்திரையால வந்தது. ஆசிட் வயித்த அரிக்காம காக்கற வழவழப்பான உள் பூச்சையே அது மெலிசாக்கிரும். ஆனா கஷாயம்னு நெனச்சு உக்காந்துட்டீங்களே, அந்த நேரந்தான் ஆபத்து."

திரும்பிப் போனவர் நின்றார்.

"மயக்கம் தெளிஞ்சதும் புள்ள 'கோழைப் படலம்'னு சொல்லுச்சுங்க. உங்ககிட்டச் சொல்லச் சொல்லுது. என்னவோ கேள்வி கேட்டீங்களாமே?"