கரையில் மூன்று போன் கூண்டு

மேலப்பாளையத்தில் அகமது மீரான் என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. கப்பல் மீரான் என்று கேட்டால் சின்னப் பிள்ளைகூடக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் வீட்டு வாசலில் விட்டுவிடும். ஊர் ஊராகச் சுற்றுகிற உல்லாசக் கப்பல். உள்ளேயே நீச்சல் குளம், சினிமாக் கொட்டகை, ஆயிரம் வெள்ளைக்காரர்கள். அதில் மீரானுக்கு என்ன வேலை என்று யாரும் கேட்டதில்லை, அவனும் சொன்னதில்லை. தண்ணீர் மட்டத்துக்குக் கீழே, சன்னல் இல்லாத சலவை அறையில் நின்று சாப்பாட்டு மேஜை விரிப்புகளுக்கு இஸ்திரி போடுகிற வேலை. அவன் போட்ட விரிப்பில் ஒரு சுருக்கம் கண்டுபிடிக்க முடியாது. துணி விஷயத்தில் மனிதன் கெட்டி. மற்ற விஷயத்தில்தான், என்னத்தைச் சொல்ல, வாயில் கொழுக்கட்டை.

நாற்பத்தைந்து வயதுவரை அவன் ஒருத்தரிடமும் ‘வேண்டாம்’ என்று சொன்னதில்லை. டீக்கடையில் கேட்காத வடையைக் கொண்டுவந்து வைத்தாலும் தின்றுவிட்டுக் காசைக் கொடுத்துவிட்டு வருவான். அதிலும் மச்சான் காஜா முகைதீன் என்றால் கேட்கவே வேண்டாம். மனைவி ஜன்னத்துல் பிர்தௌஸின் கூடப்பிறந்த அண்ணன். மீரான் குடியிருந்த வீடு அவருடையது. பஜாரில் வைத்திருந்த சலவைக் கடை படுத்துக்கொண்டபோது பம்பாய் ஏஜெண்டைப் பிடித்து இந்தக் கப்பல் வேலையை வாங்கிக் கொடுத்ததும் அவர்தான். அவர் என்ன சொன்னாலும் இவனிடம் ஒரே பதில்: “சரி மச்சான்.” இருபது வருஷமாக இதே பாட்டு.

ஒரே மகள் அஃப்ரா. பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் கணக்குப் பாடம் எடுத்து முதல் வருஷம் படித்துக்கொண்டிருந்தாள். அப்பனுக்கு நேர் எதிர். பஸ்ஸில் கண்டக்டர் தப்பான டிக்கெட்டைக் கிழித்தால் இறங்குகிறவரைக்கும் விடமாட்டாள். மீரானுக்கு அதில் உள்ளுக்குள் பெருமைதான். என் வாயையும் சேர்த்து இவளுக்கே கொடுத்துவிட்டான் ஆண்டவன் என்று கப்பலில் கூட வேலை பார்ப்பவர்களிடம் சொல்லிச் சிரிப்பான்.

தொண்ணூற்றாறு செப்டம்பரில் ஒரு துறைமுகத்தில் கப்பல் ஏஜெண்ட் கொண்டுவந்த தபால் கட்டில் ஜன்னத்தின் கடிதம் இருந்தது.

‘அஸ்ஸலாமு அலைக்கும். நாங்கள் நலம். அண்ணன் தன் மகன் முஆதுக்கு நம் பிள்ளையைக் கேட்கிறான். கேட்கிறான் என்ன, முடிவே பண்ணிவிட்டான். முஆது பெற்ற தாயைக் கைநீட்டி அடித்தவன் என்பது தெருவுக்கே தெரியும். பிள்ளை சோறு தின்னாமல் கிடக்கிறாள். நான் சொன்னால் அண்ணன் காதில் ஏறாது. பெற்ற வாப்பா நீங்கள் வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் அதை மீறி ஜமாத்து நிக்காஹ் நடத்தாது. இருபதாம் தேதி வெள்ளிக்கிழமை உங்கள் கப்பல் கிரீஸில் நிற்கும் என்று நீங்கள் கொடுத்துவிட்டுப் போன தாளில் இருக்கிறது. அன்றைக்குச் சாயந்தரம் நம்ம ஊர் நேரம் ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவில் அம்பலவாணன் அண்ணாச்சி பூத்துக்குப் போன் போடுங்கள். அண்ணனையும் அங்கே கூட்டிவருகிறேன். போன் வரவில்லை என்றால் உங்களுக்குச் சம்மதம் என்று எடுத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டான்.’

ஒரு வார்த்தை. அதுதான் கேட்டாள் மகராசி. நிலத்தைக் கேட்டாளா, நகையைக் கேட்டாளா?

கடிதம் வந்ததற்கும் இருபதாம் தேதிக்கும் பதினோரு நாள். நடுவில் இரண்டு துறைமுகம் வந்தது. இரண்டிலும் இறங்கிப் பேசியிருக்கலாம். கடிதத்தில் இருபது என்றுதானே போட்டிருக்கிறது என்று இருந்துவிட்டான். ஆனால் சும்மா இருக்கவில்லை. நீராவி இஸ்திரிப் பெட்டி முன்னால் நின்று பதினோரு நாளும் அந்த வார்த்தையைச் சொல்லிச் சொல்லிப் பார்த்தான். “வேண்டாம் மச்சான்.” “மச்சான், எனக்கு இதுல இஷ்டமில்ல.” “பிள்ள படிக்கட்டும் மச்சான்.” இயந்திரச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. அவனுக்கே சரியாகக் கேட்கவில்லை.

பக்கத்து மேஜையில் துணி மடிக்கிறவன் உவரிக்காரன், கித்தேரியான். கட்டுமரத்தில் பிறந்து வளர்ந்தவன், கடலையும் கண்டு பயப்படமாட்டான், கப்பல் அதிகாரியையும் கண்டு பயப்படமாட்டான். மீரான் அவனிடம் மட்டும் கடிதத்தைக் காட்டியிருந்தான்.

இருபதாம் தேதி விடியும்போது பேய்க்காற்று. கிரீஸ் துறைமுகத்துக்குள் போக முடியவில்லை என்று கப்பலைத் திருப்பி, துருக்கிப் பக்கம் ஒரு சின்னத் துறைமுகத்தில் கொண்டுபோய்க் கட்டினார்கள். அதன் பெயர் கடைசிவரை மீரான் வாயில் நுழையவில்லை. கப்பலில் ஒருவரும் அதற்கு முன்னால் அங்கே இறங்கியதில்லை. பகல் ஒரு மணியிலிருந்து நாலு மணிவரை வேலையாட்கள் கரைக்குப் போகலாம் என்று பலகையில் எழுதிப் போட்டார்கள். ஊர்க் கணக்குக்கு ஐந்து மணி என்றால் இங்கே இரண்டரை. அளந்து வைத்ததுபோல் நேரம் வாய்த்தது.

மீரான் குளித்தான். அஃப்ரா போன ரம்ஜானுக்கு எடுத்துக்கொடுத்த நீலக் கோடு போட்ட சட்டையைத் தேய்த்துப் போட்டான், அத்தர்கூடப் பூசினான். மேல் தளத்துக்கு வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தான். கீழே, துறைமுக வாசலை ஒட்டி, வரிசையாக மூன்று போன் கூண்டு. கப்பல் படியிலிருந்து ஐம்பது எட்டு நடை இருக்கும். கூண்டுக்குள் ஒரு கிழவர் போனைக் காதில் வைத்துக்கொண்டு கையை ஆட்டி ஆட்டிப் பேசிக்கொண்டிருந்தார். ஊருக்குள்ளிருந்து ஜும்ஆ தொழுகைக்குப் பாங்கு கேட்டது. பாஷை தெரியாத ஊரில் அந்த ஒரு சத்தம் மட்டும் அவனுக்கு நன்றாகப் புரிந்தது.

“என்ன வே, பொண்ணு பாக்கப் போறது கணக்கா ஜோடிச்சிக்கிட்டு நிக்கீரு! வாரும், எறங்குவோம்” என்று வந்தான் கித்தேரியான். தோளில் புதிதாக வாங்கிய கேமரா.

“பைய வாரேன். நீ போ.”

“பைய எங்க வாரது? மணி ரெண்டாவுது.”

“தெரியாத ஊரு கித்தேரியான். இந்த ஊர்ல போன் எப்படிப் போடணும்னே தெரியாது.”

“அந்தாப் பாரும், கூண்டுக்குப் பக்கத்துல கடையில அட்டை விக்கான். வாங்கிச் சொருக வேண்டியதுதான்.”

“கப்பல் கெளம்பிட்டுன்னா? போன வருஷம் பிலிப்பைன்ஸ்காரன் ஒருத்தன விட்டுட்டுப் போயி, அவன் சீட்டக் கிழிச்சு வீட்டுக்கு அனுப்பலையா?”

கித்தேரியான் அவனை மேலும் கீழும் பார்த்தான். “வே, கப்பல் ஆறு மணிக்குக் கெளம்புது. போன் நாலு எட்டுல கெடக்கு. உமக்கு ஊரக் கண்டு பயமா, உம்ம மச்சானக் கண்டு பயமா?”

உள்ளதைச் சொன்னதும் மீரானுக்கு முகம் சுண்டிப்போயிற்று. அவனுக்கு அந்த ஊர் ஒரு பொருட்டே இல்லை. இதைவிடப் பெரிய ஊர்களில் தனியாகச் சுற்றியவன்தான். போனை எடுத்தால் மறுமுனையில் காஜா முகைதீன் இருப்பார். “என்ன மச்சான், என் மகன் வேண்டாமா?” என்பார். அதற்கு மேல் என்ன சொல்வது? அந்த வீட்டில் பிறகு எந்த முகத்தோடு இருப்பது? அடுத்த முறை ஏஜெண்டிடம் யார் பேசுவார்கள்? தெரியாத ஊர் என்பது நல்லவேளையாகக் கையில் கிடைத்த காரணம்.

“சரி, நம்பரைத் தாரும். நான் பேசுதேன். மீரானுக்கு இஷ்டமில்ல, நிறுத்துங்கன்னு சொல்லிட்டு வந்துருதேன். எனக்கு ஒம்ம மச்சான் என்ன செஞ்சிருவாரு?”

நம்பர் எழுதிய காகிதம் மேல்சட்டைப் பையில்தான் இருந்தது. மீரான் பையைக் கையால் மூடிக்கொண்டான்.

“வேண்டாம்” என்றான்.

ஆயுசில் முதல் தடவையாக அந்த வார்த்தை வந்தது. யாரிடம் வந்தது பாருங்கள்!

கித்தேரியான் தலையில் அடித்துக்கொண்டு இறங்கிப் போனான். இரண்டரை ஆயிற்று. மீரான் படிவரைக்கும் போனான். காவலுக்கு நின்றவன் அடையாள அட்டைக்குக் கை நீட்டினான். கொடுத்துவிட்டு இறங்க வேண்டியதுதான் பாக்கி. பின்னால் வந்தவர்களுக்கு வழிவிட்டு ஒதுங்கினான். அவர்கள் போன பிறகு இன்னும் நாலு பேர் வந்தார்கள், அவர்களுக்கும் ஒதுங்கினான். பிறகு மறுபடியும் மேலே கம்பிக்கு வந்து நின்றுகொண்டான். மூன்று கூண்டும் காலியாகத்தான் இருந்தன. மூன்றரை மணிக்கு, ஊரில் ஆறு அடித்திருக்கும் என்று தெரிந்ததும், அவனுக்குப் பாரம் இறங்கினாற்போல இருந்தது. அந்த நிம்மதியைத்தான் பிற்பாடு அவனால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

‘காற்று பலமாக இருந்ததால் கப்பல் எந்தக் கரைக்கும் போகவில்லை. நடுக்கடலில் நிறுத்திவிட்டார்கள். என்னால் என்ன செய்ய முடியும்’ என்று ஜன்னத்துக்குக் கடிதம் எழுதினான். அது போய்ச் சேர்ந்தபோது பத்திரிகை அடித்து முடிந்திருந்தது. நவம்பரில் நிக்காஹ். பெண்ணிடம் சம்மதம் கேட்டபோது அவள் அழுதுகொண்டிருந்தாளாம். அதையும் சம்மதம் என்றே எழுதிக்கொண்டார்கள்.

மீரான் லீவில் வந்தது மறு வருஷம் மே மாதம். அஃப்ரா தாய் வீட்டில் இருந்தாள். இடது கை மணிக்கட்டில் மாவுக்கட்டு. கிணற்றடியில் வழுக்கி விழுந்துவிட்டதாக காஜா முகைதீன் ஊருக்குச் சொல்லியிருந்தார். மீரான் பஸ்ஸில் இருந்து இறங்கியதுமே அம்பலவாணன் அண்ணாச்சி கடையிலிருந்தே கூப்பிட்டிருந்தார். “மீரான், அன்னைக்கு ஒம்ம பிள்ள என் பூத்து ஸ்டூல்ல அஞ்சு மணிக்கு உக்காந்தா. மணி ஆறாச்சு, எந்திரிக்கல. மாமங்காரர் போயிட்டாரு, தாய் போயிட்டா, இவ போகல. கடைய அடைக்கும்போதுதான் எந்திரிச்சா. வேற யாருக்கும் போன் குடுக்காம லைன சும்மா வச்சிருந்தேன்வே” என்றார். அவர் குறையாகச் சொல்லவில்லை. காற்றின் மேல்தான் அவருக்கும் கோபம்.

வந்த நாலாம் நாள் மத்தியானம் அஃப்ரா ஒற்றைக் கையால் அவன் பெட்டியை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தாள். மடித்த சட்டைகளுக்கு அடியில் விரித்த செய்தித்தாளுக்குள்ளிருந்து ஒரு போட்டோ விழுந்தது. கித்தேரியான் கரையில் நின்று எடுத்தது. கப்பலில் பிரிந்துபோகும்போது “வச்சிக்கிடும், ஒமக்குத்தான் எடுத்தேன்” என்று கொடுத்துவிட்டுப் போனது. மீரானுக்கு அதை வைத்துக்கொள்ளவும் பிடிக்கவில்லை, கிழித்துப்போடவும் துணிவில்லை.

அவள் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். முன்னால் மூன்று போன் கூண்டு, கதவு திறந்தபடி. பின்னால் கரையோடு சேர்த்துக் கட்டிய கப்பல். மேல் தளத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நீலக் கோடு போட்ட சட்டையில் ஒரு ஆள். மூலையில் கேமராவே ஆரஞ்சு எழுத்தில் போட்ட தேதி: 96 9 20.

“இது நான் எடுத்துக்குடுத்த சட்டைல்லா” என்றாள்.

மீரான் சுவரைப் பார்த்தான்.

“கப்பல்ல இருந்து கூண்டுக்கு எத்தன எட்டு வாப்பா?”

“அம்பது இருக்கும்” என்றான். பொய் சொல்லக்கூட வரவில்லை.

“எட்டு மாசமா காத்த ஏசிக்கிட்டுக் கெடந்தேன் வாப்பா. அவன் கைய முறுக்குனப்பகூட, அன்னைக்கு மட்டும் காத்து அடிக்காம இருந்துருந்தா இது நடந்துருக்காதேன்னுதான் நெனச்சேன். காத்து பாவம், அது என்ன செஞ்சிது.” அவள் அழவில்லை. அழுதிருந்தால் மீரான் கூடச் சேர்ந்து அழுதிருப்பான், அது அவனுக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

வாசலில் ஸ்கூட்டர் வந்து நின்றது. காஜா முகைதீன் உள்ளே வந்தார். “மச்சான், கட்டுப் பிரிச்சதும் கொண்டுவிடுதோம்னு சொல்லி ஒரு மாசமாச்சு. அங்கன முஆது ஓட்டல்ல சாப்பிடுதான். பெட்டியக் கட்டச் சொல்லுங்க” என்றார். மீரான் எழுந்து நாற்காலியைத் துடைத்துப் போட்டான்.

அஃப்ரா போட்டோவைச் செய்தித்தாளுக்குள் வைத்துப் பெட்டியை மூடினாள். தலையில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். “மாமா, நான் அங்க வரல. இந்தப் புருசன் வேண்டாம்னு ஜமாத்துல குலா கேட்டு எழுதி வச்சிருக்கேன். இப்பப் போயிக் குடுக்கப் போறேன்.”

“யாரக் கேட்டுட்டுப் போற?”

“வாப்பாவக் கேட்டுட்டேன். வாப்பாவுக்குச் சம்மதம்.”

காஜா முகைதீன் மெல்லத் திரும்பினார். “அப்படியா மச்சான்?”

ஆமாம் என்று ஒரு சொல். இந்தத் தடவை கடல் இல்லை, கூண்டு இல்லை, எட்டு வைத்து நடக்கவும் வேண்டாம். மகள் நேரே முன்னால் நின்றாள். தொண்டைவரை வந்ததை மென்று விழுங்கிவிட்டு அவன் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

அஃப்ரா கொஞ்ச நேரம் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியாக ஒரு தடவை வருமோ என்று பார்த்தாள் போல. பிறகு மாமன் பக்கம் திரும்பினாள்.

“பாத்தீங்கல்லா மாமா. வாப்பா ஒண்ணும் சொல்லலன்னா சம்மதம்னு நீங்கதான அன்னைக்கு பூத்துல வச்சுச் சொன்னீங்க.”

எழுதி வைத்திருந்த தாளை மாவுக்கட்டுக்குள் செருகிக்கொண்டு, செருப்பை மாட்டினாள். ஜன்னத்து அடுக்களையிலிருந்து ஓடிவந்து அவளோடு சேர்ந்துகொண்டாள். இரண்டு பேரும் படி இறங்கித் தெருவில் போனார்கள். மீரான் வாசல்வரை வந்து, நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டு, அவர்கள் தெருமுனை திரும்பி மறைகிறவரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றான்.