ஏழாம் நம்பர் டோக்கன்

புனே பக்கம், தேஹு ரோடு ராணுவ வெடிமருந்து டிப்போவின் கேட்டறையில் ஜார்ஜ் முப்பத்துமூன்று வருஷம் உட்கார்ந்தார். உள்ளே போகிறவர்களிடம் முதலில் தீப்பெட்டியும் பீடிக்கட்டும் வாங்கி வைத்தார். பிற்பாடு செல்போனும் சேர்ந்துகொண்டது. பதிலுக்கு எண் பொறித்த பித்தளை டோக்கன் கொடுப்பார். மாலையில் போங்கா என்கிற சங்கு ஊதி எல்லோரும் வெளியே வரும்போது, டோக்கனை வாங்கிப் பலகையில் அதனதன் ஆணியில் மாட்டுவார். ஆணி காலியாக இருந்தால் ஆள் இன்னும் உள்ளே என்று அர்த்தம். ஒரு மழைநாளில் இருநூற்றுப் பன்னிரண்டாம் ஆணி காலி. ஆபீசர் வந்து கத்திப் பார்த்தார். ஜார்ஜ் கேட்டை மூட விடவில்லை. முக்கால் மணி நேரம் தேடிய பிறகு, காய்ச்சலில் ஒரு மூலையில் சுருண்டு கிடந்த ஆளைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். வீட்டுக்கு வந்து மனைவி ஆட்ரியிடம், "இன்னைக்கு லேட்டாயிட்டு" என்று மட்டும் சொன்னார்.

மே மாதம் ரிடையர் ஆனார். மகள் கெசியா மூன்று வருஷம் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு ஜனவரியில்தான் வீடு திரும்பியிருந்தாள். விமான் நகரில் ஒரு ஆபீஸ் வேலை. வந்த ஆறு மாதத்துக்குள் தன் கட்டிலை நான்கு தடவை இடம் மாற்றிப் போட்டாள். ஜூலையில் மகாபலிபுரத்திலிருந்து பாமா என்பவள் போன் செய்தாள். கடற்கரையில் பன்னிரண்டு அறைகளோடு விடுதியும் சர்ஃபிங் பள்ளியும் நடத்துகிறவள். கெசியா அலையேறப் பழகியது அவளிடம்தான். "இங்கயே வந்து தங்கி ஸ்கூல நீயே பாத்துக்கோ. வந்து பாத்துட்டு ஒரு முடிவு சொல்லு" என்றாள்.

ஆட்ரி பள்ளிக்கூட டீச்சர். அவள் முடிவு தயாராக இருந்தது. "நீங்களும் கூடப் போங்க. ஊரப் பாத்துட்டு, ஞாயித்துக்கிழம அவளக் கையோட கூட்டிட்டு வந்துருங்க. ரிட்டர்ன் டிக்கெட் ரெண்டு. ஜாஸ்தி பேச்சு வேண்டாம்."

ஜார்ஜும் அந்த எண்ணத்தோடுதான் ரயில் ஏறினார்.

புனேயில் விடாத மழை. இங்கே மகாபலிபுரத்தில் வெயில் மண்ணைப் பொரித்துக்கொண்டிருந்தது. யாருக்கும் எதற்கும் அவசரமில்லை. சாப்பாட்டுக் கடைகளில் பத்து மணிக்குத்தான் அடுப்பே பற்றியது. ஊரிலேயே ஷூ போட்ட ஆள் அவர் ஒருவர்தான். மணலில் ஒரு துண்டின் மேல் ஒன்பது செல்போன்கள் கிடந்தன. பக்கத்தில் ஆளே இல்லை.

"ஏட்டி, இதெல்லாம் யார் போனு?"

"தண்ணிக்குள்ள இருக்கவங்களோடது டாடி."

"பொறுப்பு யாரு?"

"யாருமில்ல. இங்க அப்படித்தான். சில் பண்ணுங்க."

"சில்லாம்!"

மத்தியானத்துக்குள் ஒரு பலகையும் பன்னிரண்டு ஆணியும் தேடிப் பிடித்தார். பழைய அறைச் சாவிகளில் தொங்கிய, எண் போட்ட பிளாஸ்டிக் வில்லைகளைக் கழற்றி ரப்பர் பேண்டில் கோத்தார். போனைக் கொடு, வில்லையைக் கையில் மாட்டு, அப்புறம் கடலில் இறங்கு. கெசியா தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"டாடி, மானம் போகுது. இது டிப்போ இல்ல."

"டிப்போவுக்காவது சுவர் இருக்குட்டி."

பாமா விழுந்து விழுந்து சிரித்தாள். "வுடு கெசியா. ரிடேர் ஆன மனுசன், சும்மா குந்தினு இருந்தா கை நமநமங்காதா?"

ஒரு வெள்ளைக்காரப் பெண் ஐந்தாம் வில்லையோடு போட்டோ எடுத்துக்கொண்டாள். ஜார்ஜ் எதையும் பொருட்படுத்தவில்லை.

சனிக்கிழமை காலை பதினொரு வில்லை போயிற்று. மதியம் பத்துதான் வந்தது. ஏழாம் ஆணி காலி.

"ஏழு யாரு?" என்றாள் பாமா.

"கெசியா."

"அவளா? பாறைப் பக்கம் போயிருப்பா சார். வந்துடுவா. மீன் கொழம்பு ஆறுது, வாங்க."

"ஆணி காலியா இருக்கும்மா."

"இருந்தா இன்னா?"

"ஆளு உள்ள இருக்குன்னு அர்த்தம். கடைசியா யாரு பாத்தது? எத்தன மணிக்கு?"

பத்துப் பேரையும் ஒவ்வொருவராகக் கேட்டார். கேட்டறைக் குரல் தானாக வந்தது. ஐந்தாம் நம்பர் பெண் பார்த்து முக்கால் மணி நேரம் ஆகிவிட்டது. பாமாவின் முகம் மாறியது. வலை பிரித்துக்கொண்டிருந்த ஆட்களைக் கூப்பிட்டாள். "இந்த மாசம் நீரோட்டம் வடக்கால இழுக்கும். வடக்கப் போங்கடா!" என்று கத்தினாள். படகு இறங்கியது.

ஜார்ஜ் பலகையை விட்டு நகரவில்லை. காலி ஆணியைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே நின்றார். விரலில் ரத்தம் கசிந்ததை அவர் பார்க்கவில்லை.

அரைமணி கழித்துப் படகு வந்தது. கெசியா துண்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சர்ஃப் போர்டு இல்லை.

"கயிறு அறுந்து போர்டு போய்ட்டு டாடி. எதுத்து நீந்தாம சாஞ்சே நீந்தினேன். கரை கிட்டத்தான். படகு வரலன்னாலும்…" என்று ஆரம்பித்தவள் நிறுத்தினாள். "இல்ல. கால் ரெண்டும் மரத்துப்போச்சு."

"டோக்கன் எங்க?"

கையை நீட்டினாள். வில்லையைக் கழற்றி ஆணியில் மாட்டி, அவள் போனை எடுத்துக் கொடுத்தார். அப்புறம்தான் மணலில் உட்கார்ந்தார்.

பாமா மெதுவாகச் சொன்னாள்: "பத்து வருசமா நடத்துறோம் சார். உள்ள எத்தினி பேருன்னு ஒரு நாளும் எண்ணல."

சாயங்காலம் கெசியா தானாகவே பையை அடுக்கினாள். "நானும் உங்ககூட வாரேன் டாடி. ஒண்ணும் கேக்காதீங்க."

பாமாவிடம் மறுத்துச் சொல்லப் புனேயிலிருந்தே கொண்டுவந்த பதில் ஜார்ஜிடம் இருந்தது. இப்போது காரணமும் கிடைத்துவிட்டது. ஆனால் அவளுடைய கட்டில் ஐந்தாம் தடவை நகர்வது அவர் கண்ணுக்குத் தெரிந்தது.

"பயமா இருக்கா?"

"மத்தியானம் இருந்துச்சு." ஒரு சட்டையை மடித்தாள், பிரித்தாள். "இப்ப, நாளைக்கு அலை எப்படி இருக்கும்னுதான் தோணுது."

அவர் எழுந்து பாமாவிடம் போனார். "இந்தப் பலகைய நீ பாத்துக்கிடுவியா? ஆணி காலியா இருந்தா யாருக்கும் சோறு கிடையாது."

"கெடையாது சார். எனக்கும் கெடையாது."

"டெய்லி ஆறு மணிக்குப் போட்டோ அனுப்பணும்."

ரயிலில் கெசியாவுக்கு எடுத்த பக்கத்து இருக்கை அரக்கோணம் தாண்டியும் காலியாகவே இருந்தது. ஆட்ரி வீட்டில் பேச்சை நிறுத்தினாள். படகு விஷயம் உட்பட எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொல்லியிருந்தார். அதனால் கோபம் இரட்டிப்பு.

தினமும் ஆறு மணிக்குப் போட்டோ வந்தது. பன்னிரண்டு ஆணி, பன்னிரண்டு வில்லை. இரண்டாம் வாரம் ஒரு நாள் ஆறு அடித்தும் வரவில்லை. ஆறரைக்கும் இல்லை. ஆட்ரி பிசைந்த சப்பாத்தி மாவையே திரும்பத் திரும்பப் பிசைந்தாள். ஆறே முக்காலுக்குப் போன் அடித்துக்கொண்டது. ஜார்ஜ் கண்ணாடியைப் போட்டு, விரல் வைத்து ஒவ்வொன்றாக எண்ணினார்.

"கேட்டு மூடியாச்சு."

பதினோரு நாளாகப் பேசாத ஆட்ரி வாய் திறந்தாள். "ஏழு?"

"இருக்கு."

அவள் தவாவை அடுப்பில் வைத்தாள்.