அமாவாசைக் கச்சேரி

மேல்வீட்டில் யாரோ கிட்டாரின் ஒரே கம்பியை மீட்டி மீட்டி முறுக்கிக்கொண்டிருக்கிறார்கள். கையிலிருந்த புத்தகத்தை மூடிவைத்தேன்.

பின்னாளில் சென்னை மேடைகளில் ராக் பாடகனாக அறியப்பட்ட என் அண்ணனின் முதல் குழு, எழுபதுகளின் தொடக்கத்தில், பிள்ளையார்பாளையத்து எங்கள் தறிக்கூடத்தில்தான் பாடிப் பழகியது. அமாவாசையன்று தறி ஓடாது. அன்று மட்டும் கூடம் அவர்களுடையது. பட்டும் கஞ்சிப்பசையும் கலந்த வாசனைக்கு நடுவே அண்ணன் பாடுவான். தயாளன் கிட்டார், பீட்டர் டிரம். நான் சுருதிப்பெட்டி போட, தயாளன் அதைக் கேட்டுக் கம்பிகளைச் சேர்ப்பான்.

"தங்கச்சி இல்லன்னா நம்ம பாட்டு ஆளுக்கொரு ஊருக்குப் போவும்பா" என்று பீட்டர் சிரிப்பான். நானும் அந்தக் குழுவில் ஒருத்தி என்றே நம்பியிருந்தேன்.

சென்னை ஓட்டல் ஒன்றில் பாட அவர்களுக்கு வாய்ப்பு வந்தது. என்னையும் அழைத்துப்போவார்கள் என்றெண்ணி, சுருதிப்பெட்டியைத் துணியில் சுற்றிப் பேருந்து நிலையம்வரை சுமந்து சென்றேன்.

"இத்த ஏம்மா தூக்கிக்கினு வந்த?" என்றான் அண்ணன்.

"சுருதி சேக்க வேணாமா?"

"அங்க பியானோ இருக்குதாம். அத்த வெச்சி சேத்துக்குவோம். வெயில் ஏறதுக்குள்ள வூட்டுக்குப் போம்மா."

அவன் கடுமையாகச் சொல்லவில்லை. பேருந்து நகர்ந்தபோது பீட்டர் மட்டும் கையசைத்தான்.

அடுத்த அமாவாசையன்று கூடத்தில் தனியே அமர்ந்து பெட்டியை இயக்கிக்கொண்டிருந்தேன். தறிகளுக்கு இடையே நடந்துவந்த அப்பா சற்று நேரம் நின்று கேட்டார்.

"யாருக்கும்மா சுருதி குடுக்கற?" என்றார்.