எல்லோரும் ஒப்புக்கொண்டதாக நான் அடித்த மினிட்ஸ்

1. நாளைய கூட்டம், இன்றைய மினிட்ஸ்

வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் காலையில் ஹெட் ஸ்டெனோ என் கையில் ஒரு மினிட்ஸைக் கொடுத்து, "இதை மூணு காப்பி அடிச்சுக் கொண்டா" என்றார். மினிட்ஸ் என்றால், கூட்டத்தில் யார் யார் வந்தார்கள், என்ன பேசினார்கள், என்ன முடிவானது என்று எழுதி வைக்கிற குறிப்பு. அடித்து முடித்துவிட்டுத் தேதியைப் பார்க்கிறேன், அந்தக் கூட்டம் மறுநாள்தான் நடக்கவே போகிறது. ஏதோ தப்பு நடந்துவிட்டது என்று நினைத்தேன். பயந்து பயந்து போய்ச் சொன்னேன்.

"தப்பெல்லாம் இல்லம்மா" என்று சிரித்தார். "பெரியவங்க என்ன முடிவு பண்ணுவாங்கன்னு நமக்கு முன்னாடியே தெரியும். நீ பேரை மட்டும் ஒழுங்காப் போடு. இனிஷியல் மாறிப் போச்சுன்னாத்தான் சண்டைக்கு வருவாங்க."

அதோடு என் படிப்பு முடிந்தது. அடுத்த முப்பத்து நாலு வருஷமும் அப்படித்தான் வேலை பார்த்தேன். கூட்டத்துக்கு இரண்டு நாள் முன்னாலேயே மினிட்ஸ் ரெடி. கூட்டம் நடக்கும்போது ஒப்புக்குச் சுருக்கெழுத்து எடுப்பேன். முடிந்ததும் அங்கங்கே நாலு வார்த்தையை மாற்றிக் கையெழுத்துக்கு அனுப்பிவிடுவேன். என்னை மாதிரி வேகமாக மினிட்ஸ் அனுப்புகிற ஆள் பெங்களூரிலேயே கிடையாது என்று பெயர் வாங்கியிருந்தேன். பெருமையாகத்தான் இருந்தது, மறைப்பானேன்?

நான் கோலார் தங்கவயல்காரி. அப்பா சுரங்கத்தில் இறங்கியவர். கல்யாணமாகிப் பெங்களூரிலேயே அடுகோடியில் குடியேறும்வரை தினமும் ரயிலில்தான் பெங்களூர் வந்து போனேன். அந்த ரயிலில் ஒரு பெட்டி முழுக்க எங்கள் ஊர்ப் பேச்சாகவே இருக்கும். இட்லி டப்பா ஒரு பக்கம் கை மாறும், அரசியல் சண்டை ஒரு பக்கம் நடக்கும். இப்போது நினைத்தாலும் அந்தப் பெட்டிக்கு ஏங்குகிறது மனசு.

2. கார்டு டாக்டரும் கட்டட டாக்டரும்

நான் ரிட்டயர் ஆவதற்குக் கொஞ்ச நாள் முன்னால் எங்கள் அலுவலகத்துக்கு ஒரு பெரிய கமிட்டி வந்தது. நாட்டில் மருத்துவ வசதியை எப்படி மாற்றி அமைப்பது என்று விவாதிக்க டெல்லியிலிருந்து ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்த கமிட்டி. பெங்களூரில் மூன்று கூட்டம் போட்டார்கள். சேர்மன், வயதான ஒரு வடக்கத்தி டாக்டர். அதிகம் பேசமாட்டார். காது கொடுத்துக் கேட்பார்.

சும்மா சொல்லக்கூடாது, நான் உட்கார்ந்த கூட்டங்களிலேயே இதுதான் ரொம்ப சுவாரசியமான கூட்டம். இரண்டு டாக்டர்கள் மோதிக்கொண்டார்கள். வைட்ஃபீல்டிலிருந்து வருகிற ஒருவர், எல்லோருக்கும் ஒரு கார்டு கொடுத்துவிட வேண்டும் என்பார். கார்டைக் காட்டி எந்த ஆஸ்பத்திரியிலும் வைத்தியம் பார்த்துக்கொள்ளலாம், அரசாங்கம் எதற்கு ஆஸ்பத்திரி நடத்த வேண்டும் என்று கேட்பார். இன்னொருவர் அரசாங்க சர்வீஸில் ஊறிய கன்னடக்காரர். கார்டெல்லாம் ஏமாற்று, அரசாங்கமே பெரிய பெரிய ஆஸ்பத்திரியாகக் கட்ட வேண்டும், எல்லா மிஷினும் ஒரே கூரைக்குக் கீழே இருக்க வேண்டும் என்பார். டைப்பிங் ரூமில் நாங்கள் முதலாமவருக்குக் கார்டு டாக்டர் என்றும் இரண்டாமவருக்குக் கட்டட டாக்டர் என்றும் பெயர் வைத்துவிட்டோம். டீ இடைவேளையில் மசாலா போட்ட காரா பன்னைக் கையில் வைத்துக்கொண்டே சண்டை போடுவார்கள். பன் அப்படியே இருக்கும்.

இரண்டு பேரும் ஒத்துப்போனது ஒரே ஒரு விஷயத்தில்தான். ஏரியாவுக்கு ஏரியா இருக்கிற சின்ன மருந்தகங்களை மூடிப் பெரிய ஆஸ்பத்திரியோடு சேர்த்துவிடலாம். கார்டு வந்தால் அவை தேவையில்லை என்பது ஒருவர் கட்சி. மிஷின் இல்லாத இடத்தில் டாக்டரை உட்கார வைப்பது வீண் என்பது மற்றவர் கட்சி.

ஆக, என் வேலை சுலபமாகிவிட்டது. இரண்டாவது கூட்டத்துக்கு இரண்டு நாள் முன்னாலேயே அடித்து வைத்துவிட்டேன்: "சின்ன மருந்தகங்களை இணைப்பதற்கு வந்திருந்த எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள்."

3. சிஸ்டர் கௌதமி

அந்தக் கூட்டத்துக்கு, அடிமட்டத்தில் வேலை செய்பவர்கள் சார்பாக ஒருவர் இருக்கட்டும் என்று ஒரு நர்ஸைக் கூப்பிட்டிருந்தார்கள். எங்கள் அடுகோடிப் பக்கத்தில் ஒரு சின்ன மருந்தகத்தில் இருக்கிற சிஸ்டர் கௌதமி. நான் வருகைப் பதிவில் கையெழுத்து வாங்கப் போனபோது அவள் பேசின இரண்டு வார்த்தையிலேயே எங்கள் ஊர்க்காரி என்று பிடித்துவிட்டேன்.

"எந்த லைன்?" என்று கேட்டேன். சுரங்கத் தொழிலாளர் குடியிருப்புக்கு எங்கள் ஊரில் லைன் என்றுதான் பெயர்.

"மாரிக்குப்பம் பக்கம்க்கா. நீயும் நம்ம ஊரா? அப்பாடா, இப்பதான் உசுரு வந்துச்சு" என்றாள். அவ்வளவுதான், அன்றிலிருந்து நான் அவளுக்கு அக்கா.

மத்தியானம் வரை வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தாள். சேர்மன் அவள் பக்கம் திரும்பி ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்டார். எழுந்து நின்றாள். தமிழில்தான் பேசினாள்.

"சார், தப்பா நினைக்காதீங்க. நீங்க ரெண்டு பேரும் பேசறது வர்ற ஜனங்களப் பத்தி. வந்தா கார்டு காட்டலாம். வந்தா மிஷின் இருக்கும். நான் கேக்கறது வராதவங்களப் பத்தி. டிபி மாத்திரை, பிபி மாத்திரை வாங்கறவங்க சீட்டெல்லாம் ஒரு செருப்பு டப்பாவுல கிழமை வாரியா அடுக்கி வெச்சிருக்கேன். வந்து வாங்கிட்டுப் போனா சீட்டு அடுத்த வாரத்துக்குப் போயிடும். மிச்சம் நிக்கற சீட்டு, வராதவங்க சீட்டு. அதப் பைல போட்டுக்கினு சாயந்திரம் அவங்க வூட்டுக்குப் போயிடுவேன். குடிச்சிட்டுப் படுத்திருப்பான், இல்ல ஊருக்குப் போயிருப்பான், இல்ல உடம்பு தேறிடுச்சுன்னு அவனே நிறுத்தியிருப்பான். அந்தப் பெரிய ஆஸ்பத்திரியில இத யார் செய்வாங்க சார்? அத மட்டும் சொல்லிட்டு எங்கள மூடுங்க."

சேர்மனுக்குத் தமிழ் தெரியாது. தமிழ் புரிகிற கட்டட டாக்டர் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார்: "ஃபாலோ அப் முக்கியம் என்கிறார்." இத்தனை பேச்சும் நாலு வார்த்தையாகிவிட்டது. சேர்மன் தலையாட்டி, "நோட்டட்" என்றார். எங்கள் தொழிலில் நோட்டட் என்றால், கேட்டுக்கொண்டோம், ஆளை விடு என்று அர்த்தம்.

நான் மட்டும் அவள் பேசினதை முழுசாக எடுத்திருந்தேன். சுருக்கெழுத்துக்குப் பாஷை கிடையாது, சத்தத்தை எழுதுவதுதானே? ஆனால் டைப்பிங் ரூமுக்குப் போனதும் பழக்க தோஷம். ஏற்கெனவே அடித்து வைத்திருந்ததில் "ஃபாலோ அப் பற்றிய கருத்து குறித்துக்கொள்ளப்பட்டது" என்று ஒரு வரியைச் செருகினேன். எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள் என்ற வரி அப்படியே இருந்தது. செக்ஷன் ஆபீசர் நாகராஜ் சாரிடம் நீட்டினேன். "ஆயித்து, அனுப்புங்க" என்றார். ஒரு மணி நேரத்தில் காப்பி எல்லோருக்கும் போய்விட்டது.

4. ஃபோன்

நாலு நாள் கழித்து கௌதமி ஃபோன் பண்ணினாள். கோபமாகத் திட்டியிருந்தால்கூடப் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். மெதுவாகத்தான் கேட்டாள்.

"அக்கா, வந்திருந்தவங்க லிஸ்ட்ல என் பேரு இருக்கு. கீழ, எல்லாரும் ஒத்துக்கினாங்கன்னு இருக்கு. அப்ப என் மருந்தகத்த மூட நானே ஒத்துக்கினேனா?"

எனக்குச் சுருக்கென்றது. இத்தனை வருஷத்தில் ஒருவர்கூட என்னை இப்படிக் கேட்டதில்லை. இது வழக்கமாகப் போடுகிற வரி என்று ஏதோ முணுமுணுத்தேன்.

"எங்க டாக்டரு அதப் படிச்சிட்டு, ஏன் சிஸ்டர் இப்படிப் பண்ணீங்கன்னு மூஞ்சத் திருப்பிக்கினாருக்கா. பரவால்ல வுடு. அடுத்த கூட்டத்துக்கும் கூப்பிட்டிருக்காங்க இல்ல, வந்து நானே சொல்லிடறேன்."

அப்படிச் சொல்ல வழி இருந்தது. ஒவ்வொரு கூட்டத்திலும் முதல் வேலை, போன கூட்டத்து மினிட்ஸை உறுதி செய்வது. திருத்தம் ஏதாவது உண்டா என்று சேர்மன் கேட்பார். யாரும் வாயைத் திறக்கமாட்டார்கள். கையெழுத்தாகிவிடும். கையெழுத்தான பிறகு ஆண்டவனே வந்தாலும் மாற்ற முடியாது.

அன்று ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை. வீட்டுக்காரர் என்னவென்று கேட்டார். ஆபீஸ் விஷயம் என்று மட்டும் சொன்னேன். வெட்கமாக இருந்தது.

5. திருத்தம் ஏதாவது உண்டா?

கூட்டத்தன்று காலையில் எல்லா நாற்காலிக்கும் ஆள் வந்தாயிற்று, ஒன்றைத் தவிர. கௌதமிக்கு ஃபோன் போட்டேன். பின்னால் பஸ் இரைச்சல்.

"அக்கா, கோச்சுக்காத. டிபி மாத்திரை சாப்பிடற ஆளு ஒருத்தன், மூணு நாளா சீட்டு நிக்குது. ஹெப்பகோடியில ஒரு ஃபேக்டரில வேலைக்கிப் போயிட்டானாம், அங்கயே தங்கிக்கினானாம். இன்னிக்கு விட்டா ஆளப் பிடிக்க முடியாது. நான் பஸ்ஸுல இருக்கேன்."

"ஏய், இன்னைக்கு நீ வரலைன்னா கையெழுத்தாயிடும்டி. அப்புறம் ஒண்ணும் பண்ண முடியாது."

"நீதான் எழுதி வெச்சிருக்கியே. நீயே சொல்லிடுக்கா" என்று வைத்துவிட்டாள்.

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஸ்டெனோ கூட்டத்தில் பேசக் கூடாது. எழுதி வைத்த சட்டம் இல்லை, ஆனால் மின்விசிறி பேசுமா, மேசை பேசுமா, அந்த மாதிரிதான் ஸ்டெனோவும். ரிட்டயர் ஆக இன்னும் சில மாதம்தான் பாக்கி. நல்ல பேரோடு போய்விடலாம் என்று ஒரு மனசு சொன்னது.

சேர்மன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கேட்டார், திருத்தம் ஏதாவது உண்டா?

நான் கையைத் தூக்கினேன்.

பக்கத்தில் இருந்த நாகராஜ் சார் பல்லைக் கடித்துக்கொண்டு, "சௌந்தரி மேடம், சும்னிரி" என்றார். சும்மா இருக்கச் சொல்கிறார். நான் எழுந்துவிட்டேன்.

"சார், மினிட்ஸ் தப்பு. தப்பு என்னுது. கூட்டத்துக்கு முன்னாடியே அடிச்சு வெச்சது. சிஸ்டர் கௌதமி ஒப்புக்கவே இல்ல" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு நோட்டைப் பிரித்தேன். அவள் பேசினதை ஒரு வார்த்தை விடாமல் தமிழில் படித்தேன், பிறகு என் ஆங்கிலத்தில் சொன்னேன். செருப்பு டப்பாவையும் விடவில்லை.

சேர்மன் காலி நாற்காலியைப் பார்த்து, அவர் எங்கே என்று கேட்டார். சொன்னேன். மறுபடி கேட்டார், "அந்த ஆளைத் தேடி இப்போதே போயிருக்கிறாரா?" ஆமாம் என்றேன்.

அவர் இரண்டு டாக்டர்கள் பக்கமும் திரும்பினார். "உங்கள் திட்டத்தில் இன்றைக்கு ஹெப்பகோடிக்கு யார் போயிருப்பார்கள்?"

கார்டு டாக்டர், செல்ஃபோனுக்கு மெசேஜ் போகும் என்றார். பதில் வராவிட்டால் என்று சேர்மன் கேட்டார். கார்டு டாக்டர் கையிலிருந்த காகிதங்களைப் புரட்டினார். கட்டட டாக்டர், "நான் அன்றைக்குச் சரியாக மொழிபெயர்க்கவில்லை" என்றார். அந்த மனுஷன் மேல் எனக்கு அன்றைக்கு மரியாதை வந்தது.

கடைசியில் முடிவானது இது: வராதவர்களைத் தேடிப் போக ஓர் ஆளைப் பெயர் சொல்லி நியமிக்கிற வரை எந்தச் சின்ன மருந்தகத்தையும் மூடச் சொல்லி இந்தக் கமிட்டி சிபாரிசு செய்யாது. அந்த வரியை ரெண்டு டாக்டர்களும் சேர்ந்தே எழுதிக்கொடுத்தார்கள்.

டெல்லிக்குப் போன அறிக்கை என்ன ஆயிற்று என்று எனக்குத் தெரியாது. கார்டா கட்டடமா என்று டிவியில் இன்னும் சண்டை போடுகிறார்கள். நான் ரிட்டயர் ஆன நாளில் கௌதமியின் மருந்தகம் திறந்துதான் இருந்தது, இன்றைக்கும் திறந்திருக்கிறது. ஹெப்பகோடிக்குப் போனவள் ஆளைப் பிடித்துவிட்டாள். வியாதி தெரிந்தால் வேலை போய்விடும் என்று மாத்திரையை நிறுத்தியிருக்கிறான், மடையன். அங்கேயே நிற்க வைத்து முழுங்க வைத்துவிட்டுத்தான் பஸ் ஏறினாளாம்.

6. வராதவர்கள்

அன்றைய மினிட்ஸைக் கூட்டம் முடிந்த பிறகு உட்கார்ந்து அடித்தேன். என் சர்வீஸில் முதல் தடவை. சாயங்காலம் ஆகிவிட்டது. மினிட்ஸில், வந்தவர்கள் பட்டியலுக்குக் கீழே வராதவர்கள் என்று ஒரு தலைப்பு உண்டு. பெயரை மட்டும் போடுவோம், காரணம் எழுதும் வழக்கம் இல்லை. நான் எழுதினேன்: "சிஸ்டர் கௌதமி. மாத்திரைக்கு வராத ஒருவரைத் தேடி ஹெப்பகோடி போயிருந்ததால் வரவில்லை."

நாகராஜ் சார் அந்த வரியைச் சிவப்பு மையில் கோடு போட்டு அடித்தார். "மேடம், இது மினிட்ஸா, கதைப் புஸ்தகமா?" என்று கேட்டார். நான் கூட்டத்தில் கையைத் தூக்கின கோபம் அவருக்கு இன்னும் ஆறவில்லை. பெங்களூரில் அதுதான் கடைசிக் கூட்டம் என்பதால், கோடு போட்டபடியே நேராகச் சேர்மன் கையெழுத்துக்குப் போயிற்று. இனி வேண்டாம் வம்பு என்று நானும் பேசாமல் வீட்டுக்குப் போய்விட்டேன்.

மறுநாள் காலையில் திரும்பி வந்தது. சேர்மன், அடிக்கப்பட்ட வரிக்குக் கீழே வரிசையாகப் புள்ளி வைத்து, ஓரத்தில் "ஸ்டெட்" என்று எழுதியிருந்தார். கோடு போட்டது தப்பு, இருந்தபடியே இருக்கட்டும் என்பதற்கு டைப்பிங்கில் அதுதான் குறி. இந்தக் காலத்தில் அதை எழுதத் தெரிந்தவர்களே குறைவு. அதைக் கையில் வைத்துக்கொண்டு டைப்பிங் ரூமில் உட்கார்ந்து அழுதேன். சந்தோஷத்தில் மட்டும் அழவில்லை. முப்பத்து நாலு வருஷமாக எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள் என்று எத்தனை தடவை அடித்திருப்பேன்? அதில் எத்தனை கௌதமி இருந்தார்களோ. அவர்கள் யாரும் எனக்கு ஃபோன் பண்ணவில்லை.

இப்போது இந்த வேலைக்கு வருகிற நீங்கள் கம்ப்யூட்டரில் என்னைவிட வேகமாக அடிக்கிறீர்கள். கெட்டிக்காரர்கள்தான். எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று, அதைச் சொல்லிவிடுகிறேன். கூட்டம் முடியட்டும், அதுக்கப்புறம் அடிங்க.