அழகாகக் கட்டிய வயர்கள்

பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு சாப்பாட்டுக் கடை. அதன் அடுப்புப் புகையை வடிகட்டும் பெட்டியோடு நான் மல்லுக்கட்டிய வாரத்தை நினைத்தால் இன்னும் எரிச்சல் வருகிறது.

பெட்டிக்குள் இருக்கும் தகடுகளுக்குப் பல ஆயிரம் வோல்ட் போகும். எண்ணெய்ப் புகை அவற்றில் ஒட்டிக்கொள்ளும். அதையெல்லாம் ஓட்டுவது ஒரு போர்டில் உட்கார்ந்திருக்கும் நகத்தளவு மைக்ரோகண்ட்ரோலர் சில்லு. தகட்டில் எண்ணெய் சேர்ந்தால் 'டப்' என்று பொறி பறக்கும், அது சகஜம். ஆனால் இங்கே ஒவ்வொரு பொறிக்கும் அந்தச் சில்லு எல்லாவற்றையும் மறந்து முதலிலிருந்து தொடங்கியது. அதற்குள் புகையை உள்ளே இழுக்கும் காற்றாடி நின்று, மீன் பொரித்த புகை மாடிவீட்டு ஜன்னலுக்குப் போய்விடும்.

மாடியில் ஆஸ்துமாக்கார சீன ஆன்டி. புகார் கொடுத்துவிட்டார். வெள்ளிக்கிழமை அதிகாரி வந்து பார்க்கும்போது புகை வந்தால் அடுப்பை மூட வேண்டியதுதான்.

"மூணாவது போர்டு மாத்திட்டீங்க அங்கிள். சரியாவுமா, ஆவாதா?" என்றார் கடைக்கார அம்மா.

"கொஞ்சம் பொறுமையா இரும்மா."

"நான் இருப்பேன் லா. மேல உள்ள ஆன்டி இருக்குமா?"

நான் பள்ளிக்கூடம் போனவன் இல்லை. கிள்ளானில் கிடங்குகளுக்கு வயர் இழுத்துத்தான் தொழில் படித்தேன். அங்கே என் முதலாளி, ஒரு வயர் வெளியே தெரிந்தாலும் மொத்தத்தையும் பிரிக்கச் சொல்வார். "சடை பின்னுன மாதிரி இருக்கணும்டா!" அவர் போய்ச் சேர்ந்து எத்தனையோ வருஷம். என் கை மட்டும் இன்னும் அவருக்குப் பயந்து, நாலு விரல் இடைவெளிக்கு ஒரு கட்டுப் போடும். அந்தக் கடையிலும் அப்படித்தான் போட்டிருந்தேன்.

வியாழன் மதியம் சோதித்துப் பார்க்கக் கட்டுகளை வெட்டினேன். கரண்டைப் போட்டேன். பசி. வயர்களைத் தொங்கவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தேன். 'டப்.' காற்றாடி நிற்கவில்லை. மறுபடி 'டப்.' அப்போதும் ஓடியது. சோற்றை வைத்துவிட்டு ஓடினேன். சரியாகிவிட்டது என்று கரண்டை நிறுத்தி, எல்லாவற்றையும் பழையபடி அழகாகக் கட்டி, மூடியைப் போட்டு ஓட்டினேன்.

'டப்.' நின்றுவிட்டது.

அப்போதுதான் உறைத்தது. என் கட்டுக்குள் ஹை வோல்டேஜ் வயரும் சில்லுக்குப் போகும் மெல்லிய வயரும் உடம்போடு உடம்பு ஒட்டிக் கிடந்தன. தொடக்கூட வேண்டாம், பக்கத்தில் படுத்தாலே பொறியின் அதிர்ச்சி மெல்லிய வயருக்குள் ஏறிவிடுகிறது. விளக்குக்கும் மோட்டாருக்கும் வயர் இழுத்த காலத்தில் இந்தத் தொல்லை இல்லை. பாவம், மூன்று போர்டுகளையும் நான் திட்டியது வீண்.

மெல்லிய வயரை எர்த் செய்த இரும்புக் குழாய்க்குள் விட்டு, எதிர்ப்பக்கமாகச் சுற்றிக் கொண்டுபோனேன். பார்க்கவே அசிங்கம். வெள்ளிக்கிழமை அதிகாரி மாடி ஜன்னலில் நின்று மோந்து பார்த்தார். மூன்று தடவை 'டப்' கேட்டது. புகை இல்லை. போய்விட்டார்.

கடைக்கார அம்மா பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார். "என்னா அங்கிள், துணி காயப்போட்ட மாதிரி இருக்கு? கொஞ்சம் கட்டி வைக்கலாம்ல?"

எனக்கும் கை அரித்தது. மூடியைச் சாத்தி, பூட்டுப் போட்டுச் சாவியை அவரிடம் நீட்டினேன்.

"பூட்டு யாருக்கு? நான் தொடமாட்டேன் லா."

"எனக்கும்மா. நான் கேட்டாலும் சாவியக் குடுத்துடாத."