ரின்மீன் போன இடங்களும் போகாத இடங்களும்

1. முதல் நாள்

ரெயினில கார்ட் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே எனக்குப் பேச்சு விழுந்தது. பேசினது மேலதிகாரி இல்லை, சனம். வண்டி வெளிக்கிட்டுக் கொஞ்ச நேரத்தில ஒரு பிரெஞ்சு மனிசி தன்ர கோப்பியை என்ர சேட்டில ஊத்திப்போட்டு, "இது ரெயினா, உடுப்புத் தோய்க்கிற மெஷினா?" எண்டு என்னையே கேட்டா. எனக்கும் அதே சந்தேகம்தான்.

ரெண்டே பெட்டி உள்ள மலிவு டீசல் வண்டி. பஸ்ஸின்ர உடம்பைத் தூக்கிச் சாமான் வண்டிச் சில்லில வச்ச மாதிரி இருக்கும். வளைவில கீச்செண்டு கத்தும். மாரியில ஒரு பக்கத்து ஹீற்றர் கொதிக்கும், மற்றப் பக்கம் கால் விறைக்கும். எங்கட சனம் அதுக்கு வச்ச பேர் ரின்மீன், தகர ரின்னில அடைச்ச மீன் எண்டு. பிரெஞ்சுக்காரரும் சார்டின் எண்டுதான் சொல்லுவினம். மொன்றியலில எல்லாரும் ஒற்றுமையா இருந்தது அந்த ஒரு விசயத்திலதான்.

2. ஓடினதும் ஓடாததும்

மலைக்குக் கீழ போற சுரங்கத்துக்குள்ள ரின்மீனை விடேல்லை, புகை. ஆற்றங்கரைப் பெரிய வீட்டுக்காரரின்ர பாதையில கொஞ்ச நாள் ஓடிச்சுது. அவையள் மேலிடத்தில போய்க் கத்தி நிப்பாட்டிப்போட்டினம். அங்க இரட்டைத்தட்டு ரெயின் வந்தது. கடைசியா ரின்மீன் எங்கட கிளைப்பாதைக்கு வந்து சேர்ந்தது. விமான நிலையம் இருக்கிற டோர்வல் பக்கமிருந்து அஹுன்ட்சிக் பக்கம் போற பாதை அது.

ஏறுறதெல்லாம் விமான நிலையத்தில பெட்டி தூக்கிற, விமானம் கூட்டித் துடைக்கிற, சாப்பாடு கட்டுற ஆக்கள். பின்னேர வண்டியில எல்லாம் நித்திரை. வெளியில பனி கொட்டும். கண்ணாடியில ஆவி படிஞ்சு வீடுகளின்ர லைற்றெல்லாம் கரைஞ்சு போகும். நித்திரைச் சனத்துக்கு நடுவில நடக்கேக்க, முழிச்சிருக்கிறது நான் ஒருத்தன்தானோ, இல்லாட்டி நானும் இவையின்ர கனவுக்குள்ள நடக்கிறனோ எண்டு இருக்கும். ஒவ்வொருத்தரையும் அவையவையின்ர இறக்கத்தில தட்டி எழுப்பிவிடுவன். அது என்ர வேலையில்லை. ஆனா மனம் கேக்காது.

அதில ஒருத்திதான் சுகந்தி. திருகோணமலைப் பிள்ளை, விமானத்துக்குள்ள துப்புரவு வேலை. கடைசிக்கு முதல் ஸ்ரேசனில இறங்குவா. அதுக்குப் பக்கத்திலதான் அவவின்ர மகளைப் பகலில பாக்கிற கார்டெறி, பிள்ளையள் காப்பகம். ஆறு மணிக்குப் பூட்டுவினம். ரின்மீன் அடிக்கடி பிந்தினதால, "இன்னொருக்காப் பிந்தினா பிள்ளைக்கு இங்க இடமில்லை" எண்டு அவவுக்குச் சொல்லிப்போட்டினம். அந்தக் கோவத்தில ரின்மீனை எடுக்கச் சொல்லி ரெண்டு பெட்டியிலயும் கையெழுத்துச் சேர்த்தா.

"அண்ணை, நீங்களும் ஒண்டு வையுங்கோவன்."

"இதை எடுத்தா என்ன விடுவினம் எண்டு கேட்டனீங்களோ பிள்ளை? உங்கட ஸ்ரேசனுக்கு முன்னால இருக்கிற பழைய பாலம் பெரிய ரெயினின்ர பாரம் தாங்காது."

"இந்தப் பெரிய ஊரில ஒரு பாலம் கட்டத் தெரியாதாமோ? நீங்கள் கொம்பனி ஆள், அப்பிடித்தான் கதைப்பியள்."

எனக்குச் சுர்ரெண்டு ஏறிச்சுது. கொம்பனி எனக்கென்ன மாமன் வீடோ? ஆனா பாலம் பற்றி அவ கேட்டது நியாயம்தான். நான் அடுத்த பெட்டிக்குப் போனன்.

3. நல்ல ரெயின் வந்த நாள்

ஒரு பனி நாள், ரின்மீன் ஸ்ராட் ஆகேல்லை. அதுக்குப் பதிலா ஷெட்டிலிருந்து இரட்டைத்தட்டை அனுப்பிச்சினம். அப்பாடா, சனத்தின்ர முகத்தைப் பார்க்கோணும்! மெத்தைச் சீற், இதமான சூடு, சத்தமே இல்லை. பனிக்கு மேலால மிதக்கிற மாதிரிப் போச்சுது. "அண்ணை, நாங்கள் வெண்டிட்டம்!" எண்டு சுகந்தி மேல்தட்டிலிருந்து கத்தினா. அண்டைக்கு ஒருத்தரும் நித்திரை கொள்ளேல்லை.

பாதிவழியில, நான் பயந்த மாதிரியே, கொன்றோல் அறையிலிருந்து ரேடியோவில சொன்னாங்கள்: "பாலத்துக்கு இங்கால, சந்தி ஸ்ரேசனோட நிப்பாட்டு. அங்கால போகேலாது." நான் பிரெஞ்சில சொன்னன், இங்கிலீசில சொன்னன். பேந்து மேல்தட்டுக்கு ஏறிப்போய்த் தமிழில சொன்னன். சுகந்தியின்ர முகம் அப்பிடியே விழுந்துபோச்சுது.

எல்லாரும் பனிக்குள்ள இறங்கி நிண்டம். பஸ் வரும் எண்டாங்கள், வரேல்லை. சுகந்தி கார்டெறிக்குப் போன் அடிச்சா, எடுக்கேல்லை. "என்ர பிள்ளையை வெளியில விட்டிடுவினமோ அண்ணை?" எண்டு என்ர கையைப் பிடிச்சா.

அப்ப பனிப்புகாருக்குள்ளால ஒரு மங்கல் லைற். கீச்செண்டொரு சத்தம். ஒருமாதிரி திருத்தின ரின்மீன், கரும்புகை கக்கிக்கொண்டு வந்து நிண்டுது. கையெழுத்து வச்ச அத்தனை பேரும் கை தட்டினாங்கள்! நான் கதவைத் திறந்தன். குலுங்கிக் குலுங்கிப் பாலத்தைக் கடந்தம்.

கார்டெறி வாசலில அங்க வேலை செய்யிற ஒரு பிரெஞ்சுப் பெட்டை சுகந்தியின்ர மகளுக்குப் பனிச்சட்டை எல்லாம் போட்டுக் கையைப் பிடிச்சுக்கொண்டு நிண்டுதாம். முகம் கறுத்துத்தான் கிடந்ததாம். ஆனா பனியைக் காட்டி, "இண்டைக்கு இதைக் கணக்கில எடுக்கேல்லை" எண்டு சொல்லிச்சுதாம். இடம் தப்பிச்சுது.

4. கூட்டம்

அடுத்த கிழமை பொதுக்கூட்டம். சுகந்தி எழும்பி, "முதல்ல பாலத்தைக் கட்டுங்கோ. அதுவரைக்கும் இந்த ரெயினை எடுக்கக்கூடாது" எண்டா. "அப்ப இந்த ரெயின் உங்களுக்கு விருப்பமோ?" எண்டு அதிகாரி கேட்டார். "கண்ணிலயும் காட்டேலாது. ஆனா இதுதானே எங்களிட்ட வருது" எண்டா. எனக்குக் கண் கலங்கிச்சுது, சொல்ல என்ன வெக்கம்.

பாலம் இன்னும் கட்டுறாங்களில்லை. ரின்மீன் ஓடுது. இப்ப வேலைக்குச் சேர்ந்திருக்கிற பிள்ளையளுக்கு நான் சொல்லுறது ஒண்டுதான்: ஒரு வண்டி நல்லதோ கெட்டதோ எண்டு கதைக்க முந்தி, அது எதுவரைக்கும் போகுது எண்டு ஏறிப் பாருங்கோ.

போன மாசம் நான் சும்மா பயணியா ஏறினன். சுகந்தி மகளோட இருந்தா. "இந்தச் சனியன் இண்டைக்கும் பிந்தி அண்ணை" எண்டு தொடங்கினா. அந்தக் குலுக்கத்துக்குள்ள மகள் அவவின்ர மடியில நல்ல நித்திரை. அவவின்ர ஸ்ரேசன் வந்தது. மகளின்ர முகத்தைப் பார்த்தா. எழுப்ப மனமில்லாமல், கடைசி ஸ்ரேசன் வரைக்கும் இறங்காமல் இருந்து வந்தா.