எல்லா விசிறியும் உள்நோக்கி

எங்கள் வீட்டில் மேல் தளம் விருந்தாளிகளுக்கு, பேஸ்மென்ட் எனக்கு. ரொறொன்ரோப் பக்கம் மில்லிக்கனில் எங்கள் ஆட்களுடைய பல வீடுகளில் இதே கதைதான். மேலே பளபளவென்று ஒரு சமையலறை இருக்கும், அதில் தேநீர் மட்டும் கொதிக்கும். மீன் பொரிப்பது, தூள் வறுப்பது எல்லாம் கீழே இருக்கிற இரண்டாவது அடுப்பில். மணம் மேலே வரக்கூடாதாம். அந்த அடுப்புக்கு எதிர்ச் சுவரோரம் என் மேசை. கலியாண வீடியோக்களை வெட்டித் தொகுத்துக் கொடுப்பது என் தொழில். அதைத் தொழில் என்று என் கணவர் ஒருநாளும் சொன்னதில்லை. "அவ கீழ கொம்பியூட்டரில ஏதோ விளையாடுறா" என்பார், வருகிறவர்களிடம். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அந்தக் கோடையில் மிசிசாகாவில் நடந்த ஒரு கலியாணம் என் கையில் இருந்தது. பெண்ணின் அப்பா மண்டபத்துக்கு வரவில்லை. நோய் முற்றி, பராமரிப்பு இல்லத்தில் கட்டிலோடு கிடந்தார். அவர் நின்று செய்ய வேண்டிய தாரைவார்ப்பைப் பெரியப்பா செய்தார். அடுத்த கிழமையே பெண் அழைத்தாள்.

"அன்ரி, முழு வீடியோ இப்ப வேண்டாம். தாலி கட்டுற பார்ட்டை மட்டும் வெள்ளிக்கிழமைக்குள்ள தருவீங்களா, ப்ளீஸ்? ஆக்கள் ஃபோன்ல எடுத்ததில ஐயர்ட முதுகுதான் தெரியுது. அப்பா இப்ப எல்லாரையும் அடையாளம் காணுறார். நெக்ஸ்ட் வீக் எப்பிடி இருப்பாரோ தெரியாதெண்டு டொக்டர் சொல்றா."

தருகிறேன் என்றேன். அது பெரிய வேலை இல்லை. பெரிய கோப்புகள், மூன்று கமெரா, தனியாகப் பதிந்த ஒலி. என் கணினி ஒழுங்காக ஓடினால் போதும்.

எங்கே ஓடியது? அதற்குக் கொஞ்சம் முன்புதான் என் கணவர் அதற்குள் புதிதாக ஒரு லிக்விட் கூலர் பூட்டியிருந்தார். எல்லாம் தெரிந்த பெரிய விண்ணன். சூட்டைத் தண்ணீர் எடுத்துக்கொண்டு போகும், பெட்டியின் மேல்பக்கத்தில் இருக்கிற றேடியேற்றரில் விசிறிகள் அதை ஆற்றும். அதுவரை சரி. அதோடு நிறுத்தினாரா?

"எல்லா ஃபானையும் உள்ளுக்குப் பாக்கத் திருப்பி விட்டிருக்கிறன். காத்து உள்ள வந்தாத்தானே குளிரும்?"

"அப்ப சூடு எங்காலப்பா வெளிய போறது?"

"அது தன்ர பாட்டில போகும். உமக்கு உது விளங்காது, நீர் சும்மா இரும்."

காற்றை மறிக்கிறது என்று முன்பக்கத் தூசி வலையையும் கழற்றி எறிந்தார்.

புதன்கிழமை காலை வெட்டு வேலை முடித்து, துண்டுகளை ஒரே படமாக்கி எடுக்கக் கணினியை ஓடவிட்டேன். இவர் ஒரு சாக்குச் செத்தல் மிளகாயோடு இறங்கி வந்தார். ஒவ்வொரு கோடையும் சொந்தக்காரர் எல்லாருக்கும் இவர்தான் தூள் வறுத்துக் கொடுப்பார். அதில் ஒரு பெருமை.

"இண்டைக்கு மட்டும் வேண்டாமப்பா. அந்தக் கலியாணப் பிள்ளையின்ர தகப்பன் வீடியோவைப் பாக்கவேணும்."

"லீவு எடுத்ததே இதுக்குத்தான். ஒரு மூலையில நிண்டு வறுக்கிறன், உமக்கென்ன?"

புகை எழும்பியது. நான் இருமினேன், கணினியும் ஊளையிட்டது. பிறகு திரை பட்டென்று கறுத்தது. மறுபடி தொடங்கினேன், பாதியில் கறுத்தது. வியாழனும் அதே, வெள்ளியும் அதே. என் மடிக்கணினி அந்தக் கோப்புகளைத் திறக்கவே முக்கித் திணறியது. விண்ணர் வந்து பார்த்து, "வைரஸ் போல" என்றார். பெண் வெள்ளி மாலை அழைத்தபோது என்ன சொல்வது? நாளைக்கு, பிள்ளை, நாளைக்கு என்றேன். வெட்கமாக இருந்தது.

சனிக்கிழமை நானே பெட்டியைத் திறந்தேன். றேடியேற்றரின் மெல்லிய தகடுகளுக்கு இடையில் சிவப்பாக, பிசுபிசுவென்று மிளகாயும் எண்ணெயும் அப்பிக் கிடந்தன. ஒரு ரிஷூத் தாளைக் கிழித்துப் பின்பக்க விசிறியருகே பிடித்தேன். உள்ளே இழுத்து ஒட்டிக்கொண்டது. மேலே பிடித்தேன், அங்கும் அப்படியே. சூடு வெளியே போக அந்தப் பெட்டியில் ஒழுங்கான வழி ஒன்றுமில்லை. போதாததற்கு அடுப்புப் புகை வேறு. என் வாயில் வந்ததை இங்கே எழுதமுடியாது.

தகடுகளைத் துலக்கினேன். முன் விசிறிகள் உள்ளே இழுக்கட்டும், பின்னும் மேலும் வெளியே தள்ளட்டும் என்று திருப்பிப் பூட்டினேன். பிறகு பெட்டியைத் தூக்கிக்கொண்டு மேலே போய், விருந்தாளிகளுக்கென்று ஒருவரும் தொடாமல் வைத்திருக்கிற கண்ணாடி மேசையில் வைத்தேன்.

"என்னப்பா இது, ஆக்கள் வந்தா என்ன நினைப்பினம்?"

"வரட்டும். அவையளுக்கும் தாலிகட்டைக் காட்டுறன்."

ஞாயிறு மத்தியானம் ஒரு தடையுமில்லாமல் படம் முடிந்தது. உடனே அனுப்பினேன். திங்கள் பெண் அழைத்தாள்.

"தாங்ஸ் அன்ரி. சனிக்கிழமையில இருந்து அப்பா கண் திறக்கேல்லை. ஃபோனைக் காதடியில பிடிச்சுக் கெட்டிமேளத்தைப் போட்டுவிட்டனான். கேட்டிருக்கும், என்ன?"

"கேட்டிருக்கும் பிள்ளை" என்றேன். வேறென்ன சொல்ல?

கீழே இவர் தூளைப் பைகளில் அடைத்துக்கொண்டிருந்தார். நடந்ததைச் சொன்னேன். கரண்டியால் அள்ளி இன்னொரு பையை நிரப்பினார்.

"பாவம். அவையின்ர வீட்டுக்கும் ஒரு பை குடுத்து விடுவமே?"

அந்தப் பையைப் பிடுங்கி அவர் தலையிலேயே கொட்ட வேண்டும் போல இருந்தது. புதன்கிழமை அந்த மனிதர் கண் விழித்திருந்தார். தன் மகளின் கழுத்தில் தாலி ஏறியதைப் பார்க்காமலே அந்தக் கிழமை போய்விட்டார். இதற்கு மட்டும் என் கணவரை நான் இன்னும் மன்னிக்கவில்லை.